சேமிக்காத நாட்கள்

அழிந்துபோன புரோகிராம் திரும்பக் கிடைத்த அந்த நிமிஷத்தில்தான் ஆபீஸ் அறைக்குள் ஃபினாயில் வாடை வந்தது. யாரும் தரை துடைக்கவில்லை. குழுவினர் எல்லோரும் மேல்மாடிக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். சாத்திய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டு கட்டியிருந்தது. ஏசி மட்டும் தொண்டை கட்டியவரைப் போல விட்டுவிட்டு முனகிக்கொண்டிருந்தது.

மத்தியானம் அவள், கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அவசரத்தில் ஒரு கட்டளையைத் தட்டி, பல மாதமாக எழுதிய புரோகிராமை வழித்துத் துடைத்துவிட்டிருந்தாள். பக்கத்து இருக்கைக்காரனுக்கு முகம் வெளிறிப்போனது.

"போச்சா? நாளைக்கு ஒப்படைக்கணுமே."

"எங்க போகும்? கமிட் போட்டு வெச்சது எதுவும் சாகாது. அழிச்சாலும் உள்ள ஏதாவது மூலைல கிடக்கும். நீ மீட்டிங்குக்குப் போ."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் நடத்தும் பாடம் இது. வேலையை அவ்வப்போது 'கமிட்' என்ற பதிவாகச் சேமித்தால், பதிவுகளைக் காக்கும் மென்பொருள் கைவிடாது. சேமிக்காததைத் தலைகீழாக நின்றாலும் மீட்க முடியாது.

தேடியதில் கடைசி கமிட் அகப்பட்டது. மகள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துப் போட்டது. அன்று சாயங்காலமே பாப்பா கண் விழித்தாள். பிறகு வீட்டுக்கு வந்தாள். இன்று காலை பள்ளிக்கூடமும் போய்விட்டாள். அந்தச் சந்தோஷத்தில் இவள் அதற்குப் பிறகு எழுதியது எதையும் சேமித்துவைக்கவில்லை. அந்த நாட்கள் போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேதான், அந்தக் கமிட்டுக்கே எல்லாம் திரும்பும்படி என்டரைத் தட்டினாள்.

வாடை அதிகமானது. அறைக்கு வெளியே சக்கரம் வைத்த கட்டில் ஒன்று உருண்டு போகிற சத்தம் கேட்டது. யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த அன்று பாப்பா வரைந்தது: அப்பா, அம்மா, நடுவில் இருவர் கையையும் பிடித்தபடி அவள்.

இப்போது நடுவில் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் வெறும் தாளில் கை நீட்டி நின்றார்கள்.

போன் அடித்தது. கணவன்.

"எங்க போன? டாக்டர் தேடுறாரு."

"எந்த டாக்டர்? பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்துட்டாளா?"



"என்னடி பேசுற. அவ இன்னும் கண்ணே தொறக்கலயே."

காலையில் பாப்பா அவள் மணிக்கட்டில் மாட்டிவிட்ட பச்சை ரப்பர் பேண்டைத் தடவிப் பார்த்தாள். வெறும் கை.

மென்பொருளின் உள்பதிவை மேலும் கீழும் உருட்டினாள். வராந்தா கமிட். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கண் விழித்த நாள் இல்லை. வீடு திரும்பிய நாள் இல்லை. ஸ்கூல் இல்லை. சேமிக்கவில்லை. ஒன்றைக்கூடச் சேமிக்கவில்லை.

அன்று இந்த நேரத்தில்தானே விழித்தாள்? இதே மழை. இதே இருட்டு. இன்றும் விழிப்பாள். விழித்தே ஆக வேண்டும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பாப்பா அன்று கூப்பிட்ட அந்த "அம்மா"வுக்காகக் காத்திருந்தாள்.

"டாக்டர் வெளிய வர்றாரு," என்றான் கணவன். "இரு."

இருந்தாள்.

கதவு திறந்தது. யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்கள். பிறகு கணவன் அழுகிற சத்தம். அவன் அழுது அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. எல்லாம் சரியாக இருக்கிறது. சேமிக்க எதுவும் இல்லை.

மானிட்டர் ஓரத்தில், நாலு மூலையிலும் டேப் போட்டு, பாப்பாவின் விரல் பதிய அழுத்தி ஒட்டிய தாள் இருந்தது. அதில் ஒரு கோடுகூட இல்லை.