கடைசியாகப் பார்த்தபோது உயிருடன்

நான் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு. பேய் குடியிருக்கும் இடம் என்று சொல்ல அங்கே எதுவுமில்லை. ஜன்னல் நிறைய வெயில். சுவரோரம் இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, ஒரு போன், ஓயாமல் தலையாட்டும் மின்விசிறி. ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கான பதிவறை அது. கணையப் புற்றுநோய்க்கு அங்கே ஆபரேஷன் செய்துகொண்டவர்களை போனில் கூப்பிட்டு, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அலைந்து திரிந்து அந்த வேலையை நான் வாங்கியதே அக்காவுக்காகத்தான். அதே கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் படுத்திருந்தாள். அவளுக்கும் கணையம். அடுத்த வாரம் புதன்கிழமை ஆபரேஷன்.

பெரிய டாக்டர் அவளுக்கு ஒரு வரைபடம் காட்டியிருந்தார். படிக்கட்டு போல நிதானமாக இறங்கும் ஒரு நீலக் கோடு.

"பத்துப் பேர்ல ஆறு பேர் மூணு வருஷம் தாண்டியிருக்காங்கம்மா. நம்ம ஆஸ்பத்திரிக் கணக்கு இது."

அக்கா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் மகளுக்கு ஒன்பது வயது. "மூணு வருஷம்னா பன்னெண்டு. பன்னெண்டு வயசுல தலைய அவளே பின்னிக்குவாடா" என்றாள்.

காமாலை ஏறி அவள் உடம்பெல்லாம் அரிப்பு. புண்ணாக்கிக்கொள்கிறாள் என்று நர்ஸ் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார். ஆகவே மகளுடைய சிவப்புச் சீப்பால் சொறிந்துகொண்டே இருப்பாள். சரக், சரக் என்று. மூன்று வாரமாக என் காதில் வேறு சத்தமே இல்லை.

பதிவறையில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் ஃபைல் அண்ணன் என்பார்கள்.

"மூணு தடவ அடி. எடுக்கலைன்னா 'தொடர்பு இல்லை'ன்னு போடு. பக்கத்துக் கட்டத்துல 'கடைசியாகப் பார்த்தபோது உயிருடன்'னு எழுது."

"செத்துப் போயிருந்தாங்கன்னா, அண்ணே?"

"நீ பாத்தியா?"

"வீட்டுல எடுத்து, செத்துட்டாருன்னு சொன்னா?"

"சர்டிபிகேட் அனுப்பச் சொல்லு. வரலைன்னா அதுவும் தொடர்பு இல்லைதான். பேப்பர் இல்லாம இங்க யாரும் சாக முடியாது தம்பி." தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

முதல் ஃபைல் ஒரு தையல்காரருடையது. நம்பரை அழுத்தினேன். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுசெய்த குரல் சொல்லி முடித்தது. ஆனால் லைன் துண்டிக்கப்படவில்லை.

சரக்.

சரக். சரக்.

காய்ந்த தோலை நகம் சுரண்டும் சத்தம். அக்காவின் சத்தம்தான் காதிலேயே தங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தது ஒரு பஸ் டிரைவர். அதே குரல், அதே சரக். மூன்றாவது ஒரு கணக்கு டீச்சர். இப்போது போனிலிருந்து வாடையும் வந்தது. மருந்தும் கசப்பும் கலந்த, அக்காவின் போர்வை வாடை. வெயில் மேசையில் அப்படியே கிடந்தது. என் கை மட்டும் சில்லிட்டிருந்தது.

சொறிவது நின்றது.

மிக அருகில் ஒரு பெண் குரல் கேட்டது.

"இன்னும் எழுதலையா?"

ஃபைல் அண்ணன் திரும்பி வந்ததும் ரிசீவரை அவர் காதில் வைத்தேன். ஐந்து விநாடி கேட்டிருப்பார். மெதுவாகக் கீழே வைத்தார்.

"லைன் கோளாறு."

கைக்குட்டையால் காதைத் துடைத்தார். வெள்ளைத் துணியில் மஞ்சளாக ஒரு விரல் தடம் இருந்தது.

"எத்தனை வருஷமா இந்தக் கோளாறு, அண்ணே?"

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்த விதத்திலேயே தெரிந்தது, அது முதல் கைக்குட்டை இல்லை.

அன்று மாலைக்குள் எல்லா ஃபைல்களையும் எண்ணிவிட்டேன். இருநூற்றுப் பத்துப் பேர். அதில் தொண்ணூற்றொரு பேர் 'தொடர்பு இல்லை'. தொண்ணூற்றொரு பேரையும் உயிரோடு இருப்பவர்களாகச் சேர்த்துத்தான் அந்த நீலக் கோடு போடப்பட்டிருந்தது. தையல்காரரின் ஃபைலில் பிரிக்காத உறை ஒன்று இருந்தது. அவர் மனைவி எழுதியது. 'என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. பரிசோதனைக்கு வரச் சொல்லி இனிமேல் கடிதம் போடாதீர்கள். பிள்ளைகள் எடுத்துப் படித்துவிடுகிறார்கள்.'

எனக்குப் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

அடுத்த ஏழு நாளும் அவர்களுடைய அண்ணன், தம்பி, பக்கத்து வீடு, பழைய முதலாளி என்று கிடைத்த நம்பரையெல்லாம் கூப்பிட்டேன். இறந்த தேதி கிடைத்தால் சிவப்பு மையில் எழுதினேன். எழுதியபின் அவர்கள் நம்பரை அழுத்தினால், பதிவுக் குரல் முடிந்ததும் லைன் வெட்டிக்கொண்டது. சொறிதல் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். யாராவது எழுதினால் போதும்.

செவ்வாய்க்கிழமை புதுக் கோடு போட்டேன். அது படிக்கட்டு இல்லை, கிணறு. பத்தில் ஆறு இல்லை, இரண்டு.

பெரிய டாக்டர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். கத்தவில்லை.

"இந்தக் கோட்டக் காட்டினா எவன் தம்பி மேசைல ஏறிப் படுப்பான்? ஏறலைன்னா அந்த ரெண்டு பேரும் இல்ல. அது தெரியுமா உனக்கு?"

கடைசியாகச் சொன்னது உண்மை. அதனால்தான் அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன். என் தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

இன்னொரு தாளில் போட்டு அக்காவிடம் கொண்டுபோனேன். அவள் பார்த்தாள். சீப்பு நின்றது.

"பத்துல ரெண்டா?"

"ம்."

"ரெண்டுன்னு சொல்லியிருந்தாலும் படுத்திருப்பேன்டா. நான் என்ன பயந்தாங்கொள்ளியா? ஆனா தலை பின்ன அவளுக்கு இந்நேரம் கத்துக் குடுத்திருப்பேன்ல. மூணு வருஷம் கிடக்குன்னு தள்ளிப் போட்டேனே." அவள் கண்ணின் மஞ்சள் கலங்கியது. "ஏமாத்திட்டான்டா. நான் சாவச் சொல்லல, இருந்த நாளத் திருடிட்டான். இருக்கட்டும், அந்தாளப் பாத்துக்கறேன்."

கியூவில் நிற்கத் தெரியாதவள் என் அக்கா. சொன்னால் செய்வாள்.

அன்று சாயங்காலம் மகளை வரவழைத்தாள். கை தூக்க முடியவில்லை. வாயால் சொல்லச் சொல்ல அந்தக் குழந்தை தானே பின்னியது. மூன்று தடவை அவிழ்ந்தது. நான்காவது தடவை பாதி வரை நின்றது.

மறுநாள் ஆபரேஷன். ஏழாவது வாரம் இறந்தாள்.

இறப்புச் சான்றிதழை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃபைல் அண்ணன் அதை ஃபைலில் வைக்கும்வரை எதிரிலேயே நின்றேன்.

நேற்று மத்தியானம் பதிவறையிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்.

"சார், உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்க?"

"செத்துட்டாங்க. சர்டிபிகேட் குடுத்தேனே!"

தாள் புரளும் சத்தம். "ஃபைல்ல அப்படி எதுவும் இல்ல சார். 'கடைசியாகப் பார்த்தபோது உயிருடன்'னுதான் போட்டிருக்கு." பிறகு குரல் தணிந்தது. "இல்ல சார்... நான் மொதல்ல அவங்க நம்பருக்குத்தான் அடிச்சேன். எடுத்தாங்க."

அக்காவின் போன் என் அலமாரியில், சீப்புக்குப் பக்கத்தில், பேட்டரி கழற்றிக் கிடக்கிறது.

"என்ன சொன்னாங்க?"

"பெரிய டாக்டர்கிட்ட குடுன்னாங்க. ரொம்பக் கோவமா. நானும் அவர் ரூமுக்கு லைன் குடுத்துட்டேன். ஒரு மணி நேரமாச்சு சார். கதவு உள்பக்கமா பூட்டியிருக்கு. தட்டினா பதில் இல்ல. உள்ள ஏதோ சுரண்டுற சத்தம் மட்டும் கேக்குது."

"நகத்தாலயா?"

"நகம் மாதிரி தெரியல சார். பல் பல்லா..."

பின்னால் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. அக்கா மகள் அதைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். பாதி பின்னிய ஜடை ஒரு கையில்.

"மாமா, அம்மாவோட சீப்பக் காணோம்."