ரட்கா சொன்ன பொய்

தட்டில் பனிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம் ஆறிக்கொண்டிருந்தது. மகள் மிலேனாவின் அறையிலிருந்து சத்தமே இல்லை. அடுப்படியில் நின்ற ரட்காவின் காது அந்தப் பக்கமே இருந்தது. மூன்று மாதமாக அவளுடைய காலைகள் இப்படித்தான் விடிந்தன.

தலைநகர் சோஃபியாவில் சட்டம் படித்த பெண், நவம்பரில் பாதியிலேயே வீடு திரும்பிவிட்டாள். தனக்கு ரத்தக் கொதிப்பு என்றும், துணைக்குத் தானே அழைத்ததாகவும் ரட்கா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து கணவன் பென்ச்சோ அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனுடைய அக்கா ஸ்டெஃப்கா பேசாத நாளே இல்லை.

"உன் சவுகரியத்துக்காகப் பொண்ணோட படிப்பையே கெடுத்துட்டியே ரட்கா... இப்போ நிம்மதியா இருக்கியா?" என்றாள் அன்றும், காபியைக் கலக்கிக்கொண்டே.

உண்மை ரட்காவுக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். வாய்மொழித் தேர்வில் மிலேனா திக்கித் திணறி நின்றதை வகுப்புத் தோழி ஒருத்தி படம் பிடித்து சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டாள். முகம் தெரியாதவர்களெல்லாம் கேலி எழுதினார்கள். அதையே படித்துப் படித்துப் பெண் தூக்கத்தை விட்டாள், பிறகு வகுப்பையும் விட்டாள். அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று அம்மாவின் காலைப் பிடித்து அழுதிருந்தாள்.

ரட்கா போய்க் கதவைத் தட்டினாள். அது தானாகத் திறந்துகொண்டது. கட்டிலில் யாருமில்லை. தலையணை மேல் செல்போன் கிடந்தது. குளிக்கப் போனாலும் அதைக் கையோடு கொண்டுபோகிறவள்...

ரட்கா மேலங்கிகூடப் போடாமல் பனியில் ஓடினாள். யாந்த்ரா ஆற்றுப் பாலத்தில் நின்று கீழே பார்க்கவும் பயம், பார்க்காமல் போகவும் பயம். பார்த்தாள். கறுத்த தண்ணீரும் பனிக்கட்டியும்தான் இருந்தன. பாலத்தைத் தாண்டி பஸ் நிலையம். அங்கே பெஞ்சில் மிலேனா உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு சோஃபியா பஸ் போயிடுச்சும்மா... ஏற முடியல. வீட்டுக்கு வரவும் முடியல. பாலத்துல ரொம்ப நேரம் நின்னேன்."

ரட்கா ஏன் என்று கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்தவள் வீடு வரும்வரை பிடியை விடவில்லை.

வாசலிலேயே ஸ்டெஃப்கா தொடங்கிவிட்டாள். இந்தக் குளிரில் பெண்ணை எங்கே இழுத்தடிக்கிறாய், உனக்குப் பணிவிடை செய்தது போதாதா என்றாள்.

"நிறுத்துங்க அத்தை. அம்மாவுக்கு ஒரு வியாதியும் இல்ல. ஓடி வந்தது நான்தான். எனக்காகத்தான் அம்மா பொய் சொன்னாங்க."

பிறகு நடந்ததையெல்லாம், பாலத்தில் நின்றது வரை, அவளே சொன்னாள். பென்ச்சோ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இவளை இழந்துடுவேனோன்னு பயந்தேன்," என்றாள் ரட்கா.

ஸ்டெஃப்கா ரட்காவைக் கட்டிக்கொண்டு, "என்னவெல்லாம் பேசிட்டேன் உன்னை..." என்று விம்மினாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக ரட்காவும் வாய்விட்டு அழுதாள்.

அன்று மதியமே மனநல மருத்துவரிடம் நால்வரும் போனார்கள். மிலேனாவின் பெயரைக் கூப்பிட்டதும் மற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றாள் நர்ஸ். மிலேனா நகரவில்லை.

"எங்க அம்மாவும் வரட்டும்," என்றாள், திக்காமல்.