ஒன்பதாம் வகுப்பின் நான்காவது தடயம்

இதில் ஒரு வார்த்தைகூட இட்டுக்கட்டியதில்லை. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றாவது பீரியட். அதே மட்டாஞ்சேரியில், தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடம். ஒன்பதாம் வகுப்புக்கு அன்று தடய அறிவியல் பாடம். பாக்கியலக்ஷ்மி டீச்சர் ஒரு பொய்த் திருட்டை ஏற்பாடு செய்திருந்தார். போன முறை ஜெயித்து வைத்திருந்த மாவட்ட அறிவியல் சுழற்கோப்பை களவு போய்விட்டதாம். பிள்ளைகள் தடயங்களை ஆராய்ந்து திருடனைப் பிடிக்க வேண்டுமாம். ஒரு சட்டைப் பொத்தான், ஒரு நரைமுடி, விரல் ரேகை பதிந்த ஒரு சாயா கிளாஸ். மூன்றும் தலைமையாசிரியர் வெங்கிடாசலத்தைக் காட்டும். அவருக்கு இது தெரியாது.

நிஜக் கோப்பையை டீச்சர் காலை மணியடிக்கும் முன்பே யாரிடமும் சொல்லாமல் ஒளித்துவைத்தார். ஜன்னலோரம் நிற்கும் மனித உடல் பொம்மையின் வயிற்றைத் திறந்து, ஈரலைக் கழற்றி, கோப்பையை உள்ளே வைத்து, ஈரலை மறுபடி மாட்டிவிட்டார்.

பாடம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உமைரா கையைத் தூக்கினாள்.

"டீச்சரே, நாலாவது தடயம் நல்லாருக்கு கேட்டோ. வெள்ளைக் கால்."

டீச்சர் குனிந்து பார்த்தார். கறுப்புத் தரையில் வெள்ளைப் பொடியால் பதிந்த வெறுங்கால் தடங்கள், பொம்மை வரைக்கும் போய்த் திரும்பியிருந்தன.

"நான் மூணுதான் வச்சேன்," என்றார் அமைதியாக.

இடைவேளையில் பிள்ளைகள் போனதும் தனியாகப் பொம்மையின் வயிற்றைத் திறந்தார். குடல் இருந்தது, இரைப்பை இருந்தது, கோப்பை இல்லை. ஈரலை ஒழுங்காக மாட்டி மூடிவிட்டு, கூடத்தில் வைத்திருந்த கோப்பையைக் காணோம் என்று மட்டும் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னார்.

மாலை நாலு மணிக்கு இடப்பள்ளியிலிருந்து இந்த வருடம் ஜெயித்த பள்ளிக்காரர்கள் கோப்பையை வாங்க வருகிறார்கள். வெங்கிடாசலத்துக்கு வியர்த்துவிட்டது. தடத்தைப் பார்த்ததும் வியர்வை நின்றது. ஒன்பதாம் வகுப்பு திரும்பி வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், துப்புரவு வேலை பார்க்கும் ஒச்சம்மாளை அங்கேயே வரவழைத்தார்.

"டஸ்டர் தட்டறது நீ. காலெல்லாம் சாக்பொடி. இந்த ஸ்கூல்ல வெறுங்காலோட நடக்கறவளும் நீ ஒருத்திதான். நாலு மணிக்குள்ள கோப்பை வரணும். இல்லேன்னா நாளைலேர்ந்து வர வேண்டாம்."

ஒச்சம்மாள் உசிலம்பட்டிப் பக்கம். தற்காலிக வேலை, அதுவும் ஒன்பது வருடமாகத் தற்காலிகம்.

"அந்தக் கோப்பைய வச்சு நான் சோறா வடிக்கப் போறேன்?" என்றாள். குரல் உயர்ந்தது, கண் கலங்கியது. "புள்ளைக முன்னாடி களவாணிங்கிறீகளே சார்!"

இந்த இடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் தங்கதுரை உள்ளே வந்தார். ஒருமுறை அவர் ஊதிய விசிலைக் கேட்டு எதிர்க்கரையில் ஒரு சரக்குக் கப்பல் நங்கூரத்தை எடுத்துவிட்டது. கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையிலிருந்து மைதானத்தில் கோகோ ஆட்டத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர், துப்பு என்றதும் அளவு நாடாவோடு ஓடி வந்துவிட்டார்.

"டீச்சர், நான் ஒங்களுக்கு அசிஸ்டென்ட். என்ன செய்யணும், சொல்லுங்க!"

"தொடாம இருங்க சார், போதும்."

அவர் அதற்குள் இரண்டு தடங்களை அளந்து, ஒன்றை முழங்காலால் அழித்துவிட்டிருந்தார். "ஒம்பதே முக்கால் அங்குலம்! ஒச்சம்மாளேதான். ஈரலக் கழத்தி, எடுத்துட்டு, மறுபடி அச்சாப் பொருத்தி வைக்க வேற யாருக்கு இந்தப் பொறுமை இருக்கு?"

டீச்சர் அவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உமைரா, சாக்பொடி கொஞ்சம், இந்தத் தடத்துப் பொடி கொஞ்சம். தனித்தனித் தட்டுல எடு. ரெண்டுலயும் மஞ்சத்தண்ணி விடு."

சாக்பொடி இருந்த தட்டு மஞ்சளாகவே கிடந்தது. மற்றது வெற்றிலை மென்ற வாய் மாதிரி ஆனது.

"செவந்து போச்சு டீச்சரே!"

"அப்ப இது சாக்பொடி இல்ல, சுண்ணாம்பு."

தங்கதுரை துள்ளினார். "ஆபீஸ் அட்டெண்டர் சிகாபுதீன்! சுக்குப் பண்டகசாலைக்கு மேல் மாடியிலதான் குடியிருக்காரு. சுக்குக்குச் சுண்ணாம்பு பூசற எடம். வழியெல்லாம் வெள்ளை!"

வாசலில் நின்ற சிகாபுதீன், "படச்சோனே," என்று கடவுளைக் கூப்பிட்டு, தன் காலைத் தானே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார். வெங்கிடாசலத்தின் பார்வையும் அந்தக் காலுக்கு இடம்பெயர்ந்தது. ஒரு நிமிடத்துக்கு அந்த அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் பாதங்களையே பார்த்தார்கள்.

"மோந்து பாரு உமைரா."

"சுக்கு மணமே இல்ல டீச்சரே. எங்க உப்பா சுக்கு மூட்டை தூக்கறவர், எனக்குத் தெரியாதா?"

"லென்ஸ் வச்சுப் பாரு."

"செம்மண்ணு இருக்கு. ஒரு புல்லுத் துண்டும்."

டீச்சர் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை எடுத்துக்கொண்டார். "எல்லார் காலையும் பாத்துடலாம். ஒச்சம்மாக்கா, நீங்க வாங்க."

மஞ்சள், மஞ்சளாகவே வழிந்தது. சிகாபுதீன் பாதத்திலும் அப்படியே.

"ஒப்பிட்டுப் பாக்க, சம்பந்தமே இல்லாத ஒரு கால் வேணும். தங்கதுரை சார், நீங்கதானே அசிஸ்டென்ட்?"

தங்கதுரை இரண்டடி பின்னால் போனார். "எனக்குச் சேத்துப்புண்ணு டீச்சர்."

"சேத்துப்புண்ணுக்கு மஞ்சள் நல்லது சார்."

ஊற்றினார். விரல் இடுக்கெல்லாம் கல்யாணப் பெண்ணின் மருதாணி போலச் சிவந்தது.

"என்னோட தப்பு ஒண்ணு," என்று வெங்கிடாசலம் ஆரம்பிக்க, டீச்சர் கையமர்த்தினார்.

"முதல் தப்பே நீங்க சொன்னதுதான் சார். வெறுங்காலோட நடக்கறவ ஒருத்திதான்னீங்க. இப்ப உங்க செருப்பு எங்க?"

வெங்கிடாசலம் கீழே பார்த்தார். கூடத்துக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது டீச்சரின் சட்டம். எல்லாருடையதும் வாசலில் கிடந்தது. பத்து வருடமாகத் தினமும் கழற்றுகிறவருக்கு, கழற்றுவது நினைவில் இல்லை.

"இங்க வந்தா எல்லாரும் வெறுங்கால்தான். அடுத்தது பொடி. மைதானத்துக் கோட்டுக்குப் போடறது சுண்ணாம்பு. அதுலதான் செம்மண்ணும் புல்லும் ஒட்டும். ஷூ போட்டா கோடு கலையும்னு சார் வெறுங்காலால கோட்டை ஓரம் தள்ளி நேராக்குவார். ஒன்பதாம் கிளாஸ் முழுக்க அதைப் பாத்திருக்கு. மூணாவது, ஈரல். கோப்பை அதுக்குப் பின்னால இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்; ஆனா ஈரலைக் கழட்டினதைச் சார் வந்ததுமே சொன்னார். ஜன்னல் மைதானத்தைப் பாத்து இருக்கு. நான் ஒளிச்சு வச்சதைக் கோடு போட்டுட்டிருந்தவர் பாத்திருக்கார்."

தங்கதுரை ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அத்தனை சின்னக் குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"பதினோரு வருசம் டீச்சர். எல்லாக் கோப்பையும் ஒங்க சயின்ஸுக்குத்தான். எங்க கோகோ புள்ளைக ஒரு கோப்பையத் தொட்டுக்கூடப் பாத்ததில்ல. மத்தியானம் அதுகளோட ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு வச்சிரலாம்னுதான்... அதுக்குள்ள ஒச்சம்மாளப் புடிச்சிட்டாங்க. வாய் வரல."

"வாய் வந்துச்சே சார்," என்றாள் ஒச்சம்மாள். "எம்பேரச் சொல்ல நல்லாத்தான வந்துச்சு."

தங்கதுரை பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

கோப்பை விளையாட்டுச் சாமான் அறையில், சுண்ணாம்பு மூட்டைக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தது. வெங்கிடாசலம் கனைத்துக்கொண்டு, "சரி ஒச்சம்மா, வா, ஆபீஸ் ரூம்ல பேசிக்கலாம்," என்றார்.

"களவாணின்னது இந்தப் புள்ளைக முன்னாடி. இல்லைங்கிறதையும் இங்கயே சொல்லுங்க."

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சொன்னார். மெதுவாகச் சொன்னார், பின்பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று உமைரா சொன்னதால் இரண்டாவது முறையும் சொன்னார். ஒச்சம்மாள் விளக்குமாற்றைத் தங்கதுரையின் கையில் கொடுத்தாள். அவர் கூடம் முழுவதையும் பெருக்கினார், மூலை விடாமல். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கோகோ பிள்ளைகள் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நடுவில் நின்றது ஒச்சம்மாள்.

இவ்வளவும் சத்தியம். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் கிடையாது.