எதிர்ப்பலகை

மழை இல்லாத நாளிலும் படகுக்குள் தண்ணீர் இருந்தது. படகு ஏரியிலோ ஆற்றிலோ இல்லை. செவிலிமேட்டில் அவர்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், இரண்டு மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது ஒருமுறைகூட ஆற்றில் இறங்கியதில்லை. அதுதான் சங்கீதாவுக்கு முதலில் உறுத்தியது.

பாலாற்று வெள்ளம் தெருமுனை வரைக்கும் வந்து போன பிறகு, அவள் கணவன் குரு அந்தச் சின்ன ஃபைபர் படகை எங்கிருந்தோ கொண்டுவந்தான். ஏரியில் மீன் குத்தகை எடுத்த ஒருவர் சும்மாவே கொடுத்துவிட்டாராம். "இனிமே வெள்ளம் வந்தா பயப்பட வேணாம்மா" என்றான். எதிரெதிராக இருவர் உட்கார இரண்டு குறுக்குப் பலகைகள். காலுக்கடியில் மிதிபலகை. அதைத் தூக்கினால் படகின் அடிப்பள்ளம். தண்ணீர் அங்கேதான் சேர்ந்தது.

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் குரு நேராகக் கொட்டகைக்குத்தான் போவான். பிளாஸ்டிக் மக்கால் பள்ளத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவான். அதன் பிறகும் உள்ளே வரமாட்டான். கூடத்தில் பட்டுப்புடவைகளுக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருக்கும் சங்கீதாவின் விரல்கள் நூலில் இருந்தாலும் காது கொட்டகையில்தான் இருக்கும். மக் உரசும் சத்தம், தண்ணீர் மண்ணில் விழும் சத்தம், அது ஓய்ந்ததும் தாழ்ந்த குரலில் ஒரு பேச்சு. ஒரு நாள் சிரிப்புச் சத்தமும் கேட்டது. கல்யாணமான புதிதில்கூட அவளிடம் அவன் அப்படி மனம்விட்டுச் சிரித்ததில்லை.

"யார்கிட்ட பேசிக்கினு இருந்தீங்க?"

"ஃபிரெண்டும்மா. போன்ல."

அவன் போன் கூடத்தில் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாப்பாடு போடும்போது அவன் சட்டையிலிருந்து ஏரிச்சேற்று வாடை வந்தது. அவளுக்கு மாடி வீட்டுத் திரிஷா ஞாபகம் வந்தது. புடவைக் கடையில் வேலை செய்யும், இன்னும் கல்யாணமாகாத பெண். மாடிப்படி கொட்டகை ஓரமாகத்தான் இறங்குகிறது.

"அந்தத் தண்ணி எப்படித்தான் வருது? நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள்.

குரு சட்டென்று நிமிர்ந்தான். "நீ அதுல கை வைக்காத."

அப்படி ஒரு குரலில் அவன் அவளிடம் பேசியதே இல்லை. மறுநாள் காலை அவன் பஸ் ஏறியதும் அவள் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

முதலில் கூரை. தகரத்தில் ஓட்டை இல்லை. இருந்தாலும் படகின் மேல் தார்ப்பாய் போட்டு மூடிப் பார்த்தாள், தண்ணீர் வந்தது. பின்பக்கம் தண்ணீர் வடிக்கும் துளைக்குப் புது ரப்பர் மூடி வாங்கி, சுற்றிலும் எம்சீல் வைத்து அடைத்தாள், தண்ணீர் வந்தது. பிறகு குழாயை வைத்துப் படகு முழுக்க நிரப்பிவிட்டு, வெளிப்பக்கம் குனிந்து ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். கசிவே இல்லை. உள்ளிருந்து வெளியே போகாத தண்ணீர், வெளியிலிருந்து உள்ளே எப்படி வரும்?

அப்படியென்றால் யாரோ கொண்டுவருகிறார்கள். கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று மாலை குரு பூட்டைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் தகரம் முழுக்க அதிர்ந்தது. திறந்துவிட்டாள். பள்ளத்தில் தண்ணீர் பளபளத்தது.

"திரிஷா எங்க?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். எதிர்வீட்டு லோகாம்பாள்தான் பதில் சொன்னாள். "அது ஊர்லயே இல்லியே. ஏனாத்தூர்ல அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போயி ஒரு வாரமாகுதே."

சந்தேகப்பட ஓர் ஆள் இருந்தவரைக்கும் பரவாயில்லை. இப்போது அந்த ஆளும் இல்லை.

மறுநாள் அவள் படகின் உட்புறத்தைப் பழைய பருத்திப் புடவையால் ஈரமே இல்லாமல் துடைத்தாள். பட்டில் துளி ஈரம் பட்டாலும் கண்டுபிடித்துவிடும் விரல்களால் தடவி உறுதி செய்துகொண்டாள். மிதிபலகையைச் சுற்றிப் படகின் அடிப்பரப்பு முழுக்கக் கோலமாவைத் தூவினாள். கதவைப் பூட்டினாள். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தாள்.

வெள்ளை மாவில் ஒரே ஒரு தடம். கயிறு மாதிரி மெலிந்த தண்ணீர்த் தடம், முன்பக்கப் பலகைக்கு அடியிலிருந்து புறப்பட்டுப் பள்ளத்துக்கு ஓடியிருந்தது. பலகையின் அடிப்புறத்தைத் தொட்டாள். வரிசையாகச் சொட்டுகள். மேற்புறத்தைப் பார்த்தாள்.

பலகை முழுக்க ஈரமில்லை. நடுவில் மட்டும். ஒரு பெண் உட்கார்ந்து எழுந்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. அதற்கு நேர் கீழே மிதிபலகையில், ஒட்டினாற்போல இரண்டு ஈரப் பாதங்கள். விரல் நுனிகள், குரு உட்காரும் பலகையைப் பார்த்தபடி.

சங்கீதா தன் காலை அந்த ஈரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் கால் பெரிதாக இருந்தது.

முதலில் வந்தது பயம் இல்லை. என்னைவிடச் சின்னக் கால். என்னைவிட அழகான கால். இங்கேதான் உட்காருகிறாள். இங்கே உட்கார்ந்து அவரைச் சிரிக்கவைக்கிறாள்.

அவள் பலகையை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். காய்ந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்தாள். இது என் வீடு. இது என் இடம். இன்று அவர் வந்து பார்க்கட்டும்.

வெயில் தகரத்திலிருந்து மெல்ல இறங்கியது. அடுத்த தெருத் தறிச்சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தது. எங்கோ கோயில் மணி அடித்து நின்றபோது, கொட்டகைக்குள் வேறொரு சத்தம் மிச்சமிருப்பது தெரிந்தது. சொட்டு. சற்று இடைவெளி. சொட்டு. ஏரிச்சேற்று வாடை அவள் பிடரிக்கு மிக அருகில், யாரோ பின்னால் நின்று ஈரத்தலையைக் கோதுவதுபோல எழுந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. நான் எழுந்தால் அவள் உட்கார்ந்துவிடுவாள். சங்கீதா பலகையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் ஹார்ன். செருப்புச் சத்தம். குரு உள்ளே வந்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் எதிர்ப்பலகையில் உட்கார்ந்து அவளைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் இத்தனை வருடத்தில் வாங்கியதே இல்லை.

"இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டியா?" என்றான். குனிந்து அவள் பாதங்களைக் கையில் ஏந்தினான். "இன்னாமா இவ்ளோ சில்லுன்னு இருக்குது!"

அவளுக்கு அழுகை வந்தது. இதற்காகத்தானே. இவ்வளவும் இதற்காகத்தானே.

"மெதுவா பேசிக்கலாம்" என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "உள்ள அவ இருக்கிறா."

அவ.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. எவர்சில்வர் மூடி ஒன்று மேடையில் உருண்டது. வீட்டில் யாரும் இல்லை. அவள்தான் பூட்டிவிட்டு வந்தாள்.

"ஏங்க, யார்கிட்ட பேசிக்கினு இருக்கீங்க?"

சங்கீதாவின் குரல். சங்கீதாவின் வாயிலிருந்து வராத குரல்.

குனிந்து பார்த்தாள். புடவை தொடையோடு ஒட்டியிருந்தது. மடியில் தண்ணீர். முழங்காலில். கணுக்காலில். தலையிலிருந்து தோள் வழியாக நூல்நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. எழ முயன்றாள். கால் வரவில்லை.

காலடிகள். சின்னக் காலடிகள். கொட்டகை வாசலில் அவள் வந்து நின்றாள். சங்கீதாவின் மஞ்சள் புடவை, சங்கீதாவின் முகம், உலர்ந்த பின்னல்.

குரு அவசரமாக எழுந்தான். "யாரும் இல்லமா."

நான்தான். நான் இங்கே இருக்கிறேன். சங்கீதா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தண்ணீர் வந்தது. உதட்டைத் தாண்டி, மோவாய் வழியாக, மடியில், பலகையில், பள்ளத்தில். நிற்கவில்லை.

குரு தலைகுனிந்தபடி வாசலைத் தாண்டி வீட்டுக்குள் போனான்.

வாசலில் நின்றவள் உடனே போகவில்லை. நேராக சங்கீதாவின் கண்களையே பார்த்தாள். பார்த்தபடி, பின்னலை முன்னால் எடுத்துப்போட்டு, அதன் நுனியை இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிழிந்தாள்.

ஒரு சொட்டுக்கூட விழவில்லை.