சத்தமில்லாத ஃபேன்

வெள்ளானூரில் அந்த ஃப்ளாட்டுக்கு நான் மூணாவது தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் ரெண்டு மணிக்கு. லிஃப்ட் ஓடவில்லை. மூணு மாடி ஏறினேன். பாதி வீடுகளுக்கு இன்னும் யாரும் குடி வரவில்லை. கதவுகளில் ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட யாரும் உரிக்கவில்லை.

மேனாம்பேட்டில் நாப்பது வருஷமாக ஃபேன் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறேன். நான் மாட்டின ஃபேன் சத்தம் போடுது என்று ஒருத்தன் ஒரே மாசத்தில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால், கோளாறு ஃபேனில் இல்லை, அவனிடம்தான். அந்த நினைப்போடுதான் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவன் அஸ்கர். கம்ப்யூட்டர் வேலை, ஊர் கடையநல்லூர்.

"மெதுவா வாங்க அண்ணாச்சி. புள்ள இப்பத்தான் கண்ணசந்தா."

அவன் ஊர் மரியாதை அது. எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரன்.

"இன்னாபா, இன்னிக்கும் அதே பாட்டுதானா?"

"அதே சத்தம்தான்."

படுக்கையறை மூலையில் அந்தக் கூடாரம் நின்றது. பீரோ உயரம், கறுப்புத் துணி, முன்னால் ஜிப், உள்ளே வெள்ளியாகப் பளபளப்பு, உச்சியில் விளக்கு. வீட்டுக்குள்ளேயே செடி வளர்க்க இப்படி ஒன்று விற்கிறார்களாம். முதல் நாளே "தொறந்து காட்டு" என்றேன். போலீஸ் வந்தால் ஃபேன் மாட்டினவனையும்தான் தூக்குவான். உள்ளே நாலு தொட்டியில் ஸ்ட்ராபெரி. ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்த பிறகுதான் என் டூல் பெட்டியைத் திறந்தேன்.

அஸ்கரின் மனைவி அஃப்ஷீன் அன்றைக்குச் சிரித்தாள். "கஞ்சான்னு நெனச்சீங்களாக்கும்?"

"இந்த வெயில்ல லைட்டு போட்டு செடி வளக்குறவன இன்னான்னு நெனிப்பாங்க?"

கூடாரத்துக் காற்றை வெளியே இழுக்க அவர்களாக ஒரு சமையல்கட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை வைத்திருந்தார்கள். அது கத்தும். நான் அதைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டருக்குள் ஓடும் சின்ன ஃபேன் ரெண்டு வைத்தேன். இழுவை போதாமல் இலையில் பூசணம் பிடித்தது. அதோடு சத்தம் என்றும் சொன்னார்கள். அடுத்து ஆறு அங்குலக் குழாய் ஃபேன். சின்னதை முழு வேகத்தில் விரட்டினால் கத்தும், பெரிசைப் பாதி வேகத்தில் விட்டால் முனகாது. கூடாரக் கம்பியில் ஸ்க்ரூ போட்டால் கம்பி அதிரும், அதனால் சைக்கிள் ட்யூபைக் கீறி அதில் தொங்கவிட்டேன். குழாயையும் வளைக்காமல் நேராக ஜன்னலுக்கு விட்டேன். அதற்கும் சத்தம் என்றார்கள்.

ஃபேன் சத்தம் குறையக் குறைய இவர்கள் புகார் ஏறுகிறது. என்ன நியாயம் இது?

கூடாரத்தை ஒட்டித் தரையில் மெத்தை. ரூஹி தூங்கினாள். நாலு வயசு. அஃப்ஷீன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"பத்து நாளா இவளுக்கு வீசிங். டாக்டர் மருந்து கொடுத்தும் கேக்கல. இந்தச் சத்தத்துல இவ மூச்சு வருதா இல்லையான்னே எனக்குத் தெரிய மாட்டேங்கு. அதுக்குத்தான் சத்தமில்லாத ஃபேன் கேட்டேன்."

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

ஃபேன் சத்தம் அறுபடாத நூல் மாதிரி வரும். இது வந்தது. நின்றது. வந்தது. நின்றது.

பேரிங் சத்தம் இல்லை. காயில் சத்தமும் இல்லை. சுவிட்சை அணைத்து ப்ளக்கையும் பிடுங்கினேன்.

ஃபேன் ஓடும்வரை கூடாரத் துணி உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். நின்றால் தளரும். தளர்ந்தது.

பிறகு, தானாக, மறுபடி உள்ளே ஒட்டியது.

ஜன்னல் வழியாகக் காற்று எதிர்த்து அடிக்கிறது என்று நினைத்தேன். குழாய் வாயில் துணியை அடைத்தேன். இழுவை பார்க்க எப்போதும் வைத்திருக்கும் ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து ஜிப் ஓரத்தில் பிடித்தேன். புகை நேராக உள்ளே போனது. கொஞ்சம் நின்றது. திரும்பி என் முகத்துக்கே வந்தது.

கூடவே ஒரு வாசனை. நாள்பட்ட காய்ச்சல்காரன் வாயைத் திறந்தால் வருமே, அது.

"உள்ள யாருபா?" என்றேன்.

அஸ்கர் தலையை ஆட்டினான். "யாருமில்ல அண்ணாச்சி."

எவன் பேச்சையும் நம்புகிற ஆள் இல்லை நான். ஜிப்பை இழுத்தேன்.

நாலு தொட்டி. அவ்வளவுதான். இலைகளெல்லாம் ஒரே நேரத்தில் பின்பக்கம் சாய்ந்தன. பிறகு ஒரே நேரத்தில் என் பக்கம் சாய்ந்தன.

"அண்ணாச்சி." அஃப்ஷீன் பிள்ளையின் நெஞ்சைக் காட்டினாள். "இங்க பாருங்க."

கூடாரம் உள்ளே ஒட்டும்போது ரூஹியின் நெஞ்சு அமுங்கியது. கூடாரம் உப்பியபோது அவள் நெஞ்சு எழவில்லை.

மறுபடி அமுங்கியது.

மறுபடி எழவில்லை.

அவள் விட்ட மூச்சை அது எடுத்துக்கொண்டது. அது விட்டது அவளுக்கு வரவில்லை.

குழந்தையின் உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது.

ஃபேன் ஓடினவரைக்கும் அதன் மூச்சில் பாதியாவது ஜன்னல் வழியாக வெளியே போயிருக்கும். அதையும் பிடுங்கிப் போட்டவன் நான்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். ஒரு படி. ரெண்டு படி. முதுகில் தட்டினேன். "மூச்ச உடு கண்ணு, மூச்ச உடு!"

மூணாவது படியில் ஒரு பெரிய இழுப்பு. அப்புறம் மாடிப்படியே அதிர அழுகை.

திரும்பிப் போய்க் ஒயர் தோல் சீவும் பிளேடால் கூடாரத்தைக் கிழித்தேன். அஸ்கர் கம்பிகளைப் பிடுங்கி வளைத்தான். கையில் வந்த துணி உள்பக்கம் கதகதவென்று, ஈரமாக இருந்தது. கீழே கொண்டுபோய்க் கொளுத்தினோம்.

அந்த வாரமே வேப்பம்பட்டில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். பிள்ளை தேறிவிட்டாள், மருந்தே வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று அஸ்கர் போன் பண்ணினான். எனக்கும் பாரம் இறங்கியது.

போன புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அஃப்ஷீன் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு ஃபேன் வேணும். நல்லா சத்தம் போடணும்."

"சத்தமாவா? மறுபடி அந்தக் கூடாரத்த வாங்கிட்டியாமா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா, ரூமுக்குத்தான். பகல்லயும் ஓடணும். எவ்வளவு சத்தமா இருந்தாலும் சரி."

அவள் பேச்சுக்கு நடுவே, போனுக்கு ரொம்பப் பக்கத்தில், பிள்ளை தூங்கும் மூச்சு கேட்டது. சீராக, நல்ல ஆரோக்கியமாக. கேட்கவே மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

"புள்ள மடியில தூங்குறாளா?"

மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ரூஹி ஸ்கூலுக்குப் போயிருக்கா, அண்ணாச்சி."