மேப்பில் அழித்த ரோடு

மாஸ்டர் காரை அணைக்கரையில் நிறுத்தியபோது பொழுது இன்னும் முழுசாகச் சாயவில்லை. எதிரே ஒரு தார் ரோடு எந்த யோசனையும் இல்லாமல் நேராகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அணையை உயர்த்திக் கட்டிய பிறகு ரோட்டின் மறுமுனையை யாரும் பார்த்ததில்லை. காற்று அடங்கி, பாசி வாடை மட்டும் மேலே ஏறி வந்தது.

பக்கத்து இருக்கையில் மனைவியின் தம்பி. மாஸ்டரைத் தனியாக விடக்கூடாது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவனைக் கூடவே ஒட்டவிட்டிருந்தார்கள்.

“இங்க எதுக்கு மாமா வந்தோம்?”

அவர் ஃபோனை அவன் கையில் கொடுத்தார். மேப்பில் நீலமாகப் பரந்திருந்த தண்ணீருக்கு நடுவே ஒரு சின்ன வட்டம், அதற்குள் அவனுடைய அக்காவின் முகம்.

வட்டம் நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போய் நின்றது. திரும்பியது. வந்த வழியே போனது.

“பழைய சிக்னலா இருக்கும் மாமா.”

“தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பிக்குது மாப்ள. இருட்டுற வரைக்கும் சுத்துறா.”

ஊரில் பாதிப் பேருக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தவர் மாஸ்டர். மனைவியும் அவரிடம் கற்றவள்தான். ஓட்டுவதில் அவளைக் குறை சொல்ல முடியாது, வழிதான் சுட்டுப்போட்டாலும் வராது. நோயாளிகளின் வீடு தேடிப் போய்க் கைகால் பயிற்சி கொடுக்கும் வேலை, தினம் ஒரு புதுத் தெரு. யாரிடமாவது வழி கேட்கவும் கூச்சம். மேப் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. “அது சொன்னா நீ கிணத்துலயும் இறங்குவ” என்று அவர் கேலி செய்வார். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இருக்கும் இடம் காட்டும் வசதியை அவருடைய ஃபோனில் போட்டுக்கொடுத்தவளும் அவள்தான். “நான் தொலைஞ்சா வந்து கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லியிருந்தாள்.

அடைமழை பெய்த ஒரு சாயங்காலம் மேப் அவளை இந்த ரோட்டில் விட்டது. பிறகு காரை இழுத்தார்கள், அவளை எடுத்தார்கள். ஃபோன் மட்டும் கிடைக்கவில்லை.

இன்னொருத்தர் வீட்டில் இந்த இழவு விழக்கூடாது என்று மாஸ்டர் அலையாய் அலைந்தார். மேப் கம்பெனிக்கு மனுமேல் மனு போட்டார். கடைசியில் அந்த ரோட்டை மேப்பிலிருந்து அழித்தார்கள். நல்ல காரியம் செய்தீர்கள் என்று எல்லோரும் தோளைத் தட்டினார்கள். அன்று விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வட்டம் முதன்முறையாக நகர்ந்தது. போனவளுக்கும் அந்த மேப்தான் துணை என்று அவர் கண்டாரா? அவள் திரும்பி வர இருந்த ஒரே வழியைத் தன் கையாலேயே அடைத்துவிட்டார்.

“இன்னைக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்” என்று அவளுடைய எண்ணை அழுத்தினார்.

இத்தனை நாள் உபயோகத்தில் இல்லை என்று சொன்ன எண் அது.

மணி அடித்தது.

யாரோ எடுத்தார்கள். முதலில் டிக், டிக் என்று காரின் இண்டிகேட்டர் சத்தம். திரும்பி முடித்த பிறகும் அதை அணைக்க மறப்பது அவள் வழக்கம், எத்தனை திட்டியும் திருந்தவில்லை.

“ஏங்க,” என்றது ஃபோன். “ரோடே காட்ட மாட்டேங்குது.”

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். மாஸ்டர் பயந்த மாணவர்களிடம் பேசும் அதே நிதானத்தில் பேசினார்.

“ஃபோனப் பாக்காதம்மா. ஹாரன் அடிக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு வா.”

காரை ஊர்ப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு அடித்தார். விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தார். வட்டம் தயங்கியது, பிறகு கரையை நோக்கி வர ஆரம்பித்தது.

தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை.

ஈர டயர் ஒன்று தாரில் ஏறும் சத்தம் மட்டும் கேட்டது.

தம்பி அவர் கையை இறுகப் பிடித்தான். “பின்னாடி பாக்காதீங்க மாமா.”

பார்த்தார். கண்ணாடியில் வெறும் ரோடுதான் தெரிந்தது.

காரை மெல்ல உருட்டினார். வட்டம் பின்னாலேயே வந்தது. வளைவுகளில் வேகத்தைக் குறைத்தார், அது பின்தங்கியபோது ஓரம்கட்டிக் காத்திருந்தார். “வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுமுனையில் டிக், டிக். அவள் போனபின் முதல்முறையாக அவருக்கு மனசு லேசானது.

கடைவீதி முக்கில் அவர் வலது பக்கம் திரும்பினார்.

வட்டம் இடது பக்கம் திரும்பியது.

“அக்கா எங்க போறாங்க?”

மாஸ்டர் பிரேக்கை மிதித்தார். வலது பக்கம் போனால் அவர் இப்போது குடியிருக்கும் தமக்கை வீட்டு மாடி. இடது பக்கம் அவர்கள் இருவரும் வாழ்ந்த வாடகை வீடு. காரியம் முடிந்த கையோடு அதைக் காலி செய்திருந்தார். அவளுடைய செருப்பும் சீப்பும் கிடந்த இடத்தில் அவரால் இருக்க முடியவில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்? அவள் ஃபோனில் வீடு என்றால் இன்னமும் அதுதான்.

வண்டியைத் திருப்பி விரட்டினார். யாரும் குடிவராத அந்த வீடு இருட்டாகக் கிடந்தது. வெளியே பெரிய பூட்டு. சாவி வீட்டுக்காரரிடம் இருந்தது.

வட்டம் வீட்டுக்குள் நின்றது.

“ஏங்க,” என்றாள். காலி அறையில் பேசுவதுபோல் குரல் எதிரொலித்தது. “நம்ம சாமான் எல்லாம் எங்க? ஒண்ணையுமே காணோமே. நீங்க எங்க இருக்கீங்க?”

“வாசல்லதாம்மா நிக்கிறேன்.”

இணைப்பு அறுந்துவிட்டது.

“சாவி வாங்கிட்டு வா மாப்ள. ஓடு.”

தம்பி ஓடினான். மாஸ்டர் கதவில் நெற்றியை முட்டி நின்று அழுதார். மரத்துக்கு அந்தப் பக்கம் மெலிதாக ஒரு சத்தம் கேட்டது. உள்பக்கக் கைப்பிடி அசைந்தது.

கதவு விரல் அளவு நகர்ந்து, பூட்டில் தட்டி நின்றது.

மறுபடியும் நகர்ந்தது. மறுபடியும் தட்டியது.