நாலு அங்குலக் கொலை!

போன் அலறியது!

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த பட்டை, அவசரமாக எழப் பார்த்து ஆக்சிலில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

"சனியன்..."

பட்டை என்பது அவன் பெயரல்ல. பழைய ஜீப்புகளின் அச்சுக்கு மேல் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் வில் பட்டைகளை மாற்றி, வண்டியை உயரம் ஏற்றிக் கொடுப்பதில் அவன் கில்லாடி. இருபது வருடத் தொழில் அவனுடைய சொந்தப் பெயரை விழுங்கிவிட்டது. அது இப்போது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் இருக்கிறது.

போனை எடுத்தான்.

"யோவ் பட்டை! இன்ஸ்பெக்டர் பேசறேன்."

"மேடம்! உங்க ஸ்டேஷன் ஜீப்பை உயரம் ஏத்தத்தான் அடியில படுத்திருக்கேன். நாளைக்குள்ள..."

"என் ஜீப் கிடக்கட்டும். மாட்டு டாக்டர் ஜீப்பை உயரம் ஏத்தினது நீதானே?"

"ஆமா மேடம். போன மாசம். நாலு அங்குலம்."

"அந்த நாலு அங்குலம் அவரை முடிச்சிருச்சு! மலை ரோட்டு இறக்கத்துல வண்டி பள்ளத்துல கிடக்கு. டாக்டர் அங்கேயே காலி. ஒர்க்ஷாப்பை விட்டு நகராதே. வர்றேன்!"

டொக்!

பட்டையின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அவன் கால் பெருவிரலில் விழுந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை.

ஸ்டோர் ரூமிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு நட்டுகூட அந்தக் கொட்டகையை விட்டு வெளியே போகாது.

"யாருங்க போன்ல?"

"மாட்டு டாக்டர் செத்துட்டாரு..."

"ஐயய்யோ! நேத்துகூட இங்க நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தாரே!"

"நான்தான்டி கொன்னுட்டேன்!"

"கத்தாதீங்க! என்னன்னு மெதுவாச் சொல்லுங்க."

சொன்னான்.

ஜீப்பை உயரம் ஏற்றுவது பட்டையை மாற்றுவதோடு முடிகிற வேலையல்ல. பாடி மேலே போனால் அதோடு கியர்பாக்ஸும் மேலே போகும். பின் அச்சு மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். இரண்டையும் இணைக்கிற இரும்புத் தண்டு, அதுதான் ஷாஃப்ட், எட்டாமல் போய்விடும். ஏதாவது ஒரு குழியில் சக்கரம் தொங்கினால் உருவிக்கொண்டு விழும்.

அதனால்தான் போன மாதமே நீளமாக ஒன்று செய்து மாட்டினான் பட்டை. பழைய குட்டை ஷாஃப்டை வழக்கம்போலச் சாக்கில் கட்டி டாக்டரிடமே கொடுத்தான். கழற்றிய சாமானை வைத்துக்கொள்ள மாட்டான். 'பழசை வித்துத் தின்னுட்டான்' என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது.

ஆனால் புது ஷாஃப்டின் சாய்வு அதிகம். வேகம் எடுத்தால் உதறியது. நேற்று டாக்டர் வந்து நின்று, "பல்லெல்லாம் ஆடுதுய்யா" என்றார். பட்டை அதைக் கழற்றிச் சரிசெய்ய லேத்துப் பட்டறைக்கு அனுப்பினான்.

"வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போகச் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"சொன்னேன். காலையில ஒரு மாடு கன்னு போடப் போகுதாம். வண்டி இல்லாம முடியாதுன்னுட்டார். முன் சக்கரத்துக்குத் தனி ஷாஃப்ட் இருக்கில்ல? அந்த லிவரைப் போட்டு முன் சக்கரத்துல மட்டும் ஓட்டுங்கன்னு அனுப்பிட்டேன்."

"ஓடும்தானே?"

"ஜம்முன்னு ஓடும். ஆனா அந்தப் பழைய மாடல்ல கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காதுடி. பின் ஷாஃப்டைத்தான் பிடிக்கும்! ஷாஃப்டே இல்லேன்னா? முன் சக்கர லிவரையும் தட்டி விட்டுட்டா கைப்பிரேக் சும்மா அழகுக்குத்தான்! மேட்டுல நிறுத்தியிருப்பார்... உருண்டிருக்கும்..."

"அதை அவர்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன். அவர் போன்ல மாட்டுக்காரன்கூடப் பேசிட்டிருந்தார். தலையை ஆட்டினார். எனக்கு ஆட்டினாரா, மாட்டுக்காரனுக்கு ஆட்டினாரான்னு தெரியலையே!"

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க. ஷாஃப்டைக் கழட்டினதைப் பத்தி நீங்களா வாயைத் திறக்கக் கூடாது. திறந்தீங்க... அவ்வளவுதான். நீங்க உள்ள, நான் நடுத்தெருவுல!"

பட்டை தலையை ஆட்டினான். டாக்டரும் நேற்று இப்படித்தான் ஆட்டினார்.

இருபதே நிமிடம்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தாள். கான்ஸ்டபிளின் பைக்கில், பின் சீட்டில்! அவளுடைய கம்பீரமான ஸ்டேஷன் ஜீப்தான் இங்கே கேட்டுக்குப் பக்கத்தில், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து நிற்கிறதே! மடியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஏதோ ஒன்றைக் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே இன்னொரு பைக். டாக்டரின் தம்பி. கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

இறங்கியதும் பட்டையின் சட்டையைப் பிடித்தான்.

"அடப்பாவி! உயரம் ஏத்தறேன் உயரம் ஏத்தறேன்னு எங்கண்ணனை மேலோகத்துக்கே ஏத்திட்டியேடா!"

"விடுங்க தம்பி. நான் விசாரிக்கறேன்" என்று விலக்கினாள் இன்ஸ்பெக்டர். "என்ன பார்த்தீங்கன்னு இவன் முன்னாடி இன்னொரு தரம் சொல்லுங்க."

"பைக்குல அண்ணன் பின்னாடியே வந்துட்டிருந்தேன் மேடம். மலை இறக்கம். திடீர்னு ஜீப்புக்கு அடியில கடகடன்னு சத்தம்! பின் ஷாஃப்ட் கழண்டு ரோட்டுல குத்துச்சு. வண்டி அப்படியே எகிறி, பல்டி அடிச்சு... என் கண்ணால பார்த்தேன் மேடம்! இந்தப் பாழாப்போன கண்ணால!"

தம்பி விம்மினான்.

பட்டை விழித்தான்.

'பின் ஷாஃப்டா...?'

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் தாளைப் பிரித்தாள். உள்ளே ஒரு ஷாஃப்ட்! ஒரு முனையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"நடு ரோட்டுல கிடந்துச்சு. பள்ளத்துல இறங்கி ஜீப்புக்கு அடியிலயும் பார்த்துட்டேன். பின் ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடம் காலி! சொல்லுய்யா, இது அந்த வண்டி ஷாஃப்ட்தானே?"

பட்டை குனிந்து பார்த்தான். நடுவில் ஒரு வெல்டிங் தழும்பு. அவன் கைவேலைதான். இரண்டு வருடத்துக்கு முன் அவனே வைத்த தழும்பு!

"இது... அந்த வண்டியோடதுதான். ஆனா..."

"ஆனா என்ன? அளவு எடுத்தோம். நாலு அங்குலம் ஏத்தின வண்டிக்கு இது குட்டைன்னு ரெண்டு மெக்கானிக்கைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். ஷாஃப்டை நீ மாத்தவே இல்லை! பழசையே மாட்டி, ஒரு மனுஷனைச் சாகடிச்சிருக்கே!"

கைவிலங்கு வெளியே வந்தது.

ஸ்டோர் ரூம் கதவோரத்தில் நின்ற மனைவி, உதட்டின் மேல் விரலை வைத்துக் கண்களால் கெஞ்சினாள்.

பட்டை அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தால் ஜெயில் என்றாள். திறக்காவிட்டாலும் ஜெயில்தான் போலிருக்கிறதே! இரண்டு பக்கமும் ஜெயில் என்றால், உண்மையைச் சொல்லிவிட்டாவது போவோம்.

"மேடம்... நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தம்பியின் விம்மல் சட்டென்று நின்றது.

"அப்படி வா வழிக்கு!" என்றான்.

"நேத்து சாயங்காலம் டாக்டர் வண்டியில இருந்து பின் ஷாஃப்டை நான் கழட்டிட்டேன். முன் சக்கர ஓட்டத்துல மட்டும்தான் அனுப்பினேன். இன்னைக்குக் காலையில அந்த வண்டியில பின் ஷாஃப்டே கிடையாது மேடம்!"



"பொய்!" என்று கத்தினான் தம்பி. "தப்பிக்கறதுக்காகப் புளுகறான்! ஷாஃப்ட் இல்லாம வண்டி எப்படிடா ஓடும்?"

"முன்னாடி ஒண்ணு இருக்கு தம்பி. உங்களுக்கு அது தெரியாது போல."

பட்டை போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"லேத்து அண்ணே! டாக்டர் வண்டி ஷாஃப்ட் என்னாச்சு?"

"ஏன்யா பறக்கறே? நேத்து சாயங்காலம் கொடுத்துட்டு இன்னைக்குக் காலையிலயே கேட்டா எப்படி? மெஷின்லதான் சுத்திக்கிட்டிருக்கு. அதோட ஸ்டேஷன் ஜீப்புது ரெண்டு வேற கிடக்கு. எனக்கு இருக்கறது ரெண்டு கைதான்!"

இன்ஸ்பெக்டர் போனை வாங்கி அணைத்தாள்.

"அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?"

"போன மாசம் நான் சாக்குல கட்டி டாக்டர்கிட்ட கொடுத்தது மேடம். அவர் வீட்டு ஷெட்டுல கிடந்திருக்கணும். முனையில இருக்கற பல்லுப் பகுதியைப் பாருங்க. ஓடிக்கிட்டிருந்த ஷாஃப்டா இருந்தா கிரீஸ் வழியும். இதுல துருவும் சாக்கு நாரும்தான் இருக்கு!"

இன்ஸ்பெக்டர் விரலால் ஒரு நாரை உருவினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பி... என் சர்வீஸ்ல எத்தனையோ சாட்சியைப் பார்த்திருக்கேன். இல்லாத ஷாஃப்ட் கழண்டு விழுந்ததைக் கண்ணால பார்த்த முதல் சாட்சி நீங்கதான்!"

"அது... மேடம்... தூரத்துல..."

"வண்டி குப்புறப் போச்சுங்கறீங்க. உங்கண்ணனுக்கு அடி பின் மண்டையில! காலையிலிருந்து அது எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. இந்த ஷாஃப்ட் முனையும் அந்தக் காயமும் பொருந்துமான்னு பார்த்துரலாமா?"

தம்பி பார்க்கவில்லை.

ஓடினான்!

கான்ஸ்டபிளை ஒரே தள்ளு! கேட்டுக்குப் பக்கத்தில் சாவியோடு நின்ற ஜீப்பில் தாவி ஏறினான். சாவியைத் திருகினான். இன்ஜின் உறுமியது!

"ஐயோ, பிடிங்க!" என்று அலறினாள் பட்டையின் மனைவி.

பட்டை அசையவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நிம்மதியாக உட்கார்ந்தான். காலையிலிருந்து இப்போதுதான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

முதல் கியர். உறுமல்!

இரண்டாம் கியர். பயங்கர உறுமல்!

புகை கொட்டகையை நிறைத்தது. ஜீப் நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

"மிதிங்க தம்பி, நல்லா மிதிங்க" என்றான் பட்டை. "அது ஸ்டேஷன் வண்டி. முன்னாடி ஷாஃப்ட், பின்னாடி ஷாஃப்ட் ரெண்டும் லேத்துல இருக்கு. இப்பத்தானே ஸ்பீக்கர்ல கேட்டீங்க?"

கான்ஸ்டபிள் நிதானமாக நடந்து போய், சீட்டில் உட்கார்ந்திருந்தவனின் கையில் விலங்கை மாட்டினான்.

தம்பி உடைந்து போனான். எல்லாவற்றையும் ஸ்டீயரிங்கைப் பார்த்தே சொன்னான். குடும்ப நிலத்தைக் கல் குவாரிக்குக் கொடுக்க அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தது. மலை மேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஷெட்டில் கிடந்த பழைய ஷாஃப்டால் பின்னாலிருந்து அடித்தது. சீட்டில் உட்கார வைத்துத் தள்ளி விட்டது.

"பள்ளத்துல இறங்கி ஷாஃப்டைக் கழட்டலாம்னு குனிஞ்சு பார்த்தேன் மேடம். அங்க ஷாஃப்டே இல்லை! உருண்டதுல எங்கேயோ தெறிச்சிருக்கும், நமக்கு வேலை மிச்சம்னு நினைச்சு... கையில இருந்ததை ரோட்டுல போட்டுட்டேன்."

"பின்ஷாஃப்ட், முன்ஷாஃப்ட்னு ரெண்டு இருக்குன்னுகூடத் தெரியாம ஜீப் வச்சுக் கொலை!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் இன்ஸ்பெக்டர். "ஏத்துங்கய்யா இவனை!"

"எதுல மேடம் ஏத்தறது?" என்றான் கான்ஸ்டபிள்.

கடைசியில் மூன்று பேருமாக ஒரே பைக்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கொலைகாரன் நடுவில்.

பட்டையின் மனைவி இப்போதுதான் அழுதாள். "நல்லவேளை, என் பேச்சைக் கேட்காம வாயைத் திறந்தீங்க" என்றாள். பாவம், டாக்டரை நினைத்தும் சேர்த்து அழுதாள்.

பட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு பைக் வரை போனான்.

"மேடம், உங்க வண்டி நாளைக்கு ரெடியாயிடும். புது ஷாஃப்ட் நீளமா மாட்டிடறேன். பழசை வழக்கம்போலச் சாக்குல கட்டி வீட்டுக்கு அனுப்பிடவா?"

இன்ஸ்பெக்டர் பதறிப் போய்க் கையை ஆட்டினாள்.

"ஐயையோ, வேண்டாம்யா! நீயே வச்சுக்க... என் வீட்டுக்காரருக்கும் ஒரு தம்பி இருக்கான்!"